கேட்க மட்டும் ஓர் அனுமதி: மதுரைக் கோட்ட ரயில்வே நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்ட ரயில்வே மேலாளர் அவர்களுக்கும், தெற்கு ரயில்வேயின் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

திருநெல்வேலிச் சந்திப்பிலும், அங்கிருந்து தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில், மணியாச்சி என நான்கு பக்கமும் பிரியும் பாதைகளின் ஓரங்களிலும் நின்று ரயில் பார்ப்பதைப் பழக்கமாகக் கொண்டவர்களில் நானும் ஒருவன். புதிய ரயில் வேண்டும், கூடுதல் நிறுத்தம் வேண்டும், பெட்டிகளை அதிகரிக்க வேண்டும் என்ற மனுக்கள் உங்கள் மேசையில் நாள்தோறும் வந்து குவியும் என்பதை அறிவேன். இந்த மடலில் அப்படி எதுவும் இல்லை. ரயிலை இயக்கும்போது லோகோ பைலட்டும் (ரயில் ஓட்டுநர்), ரயில் மேலாளரும் (முன்பு கார்டு எனப்பட்டவர்), நிலைய அதிகாரியும் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்வதைப் பொதுமக்கள் சட்டத்துக்கு உட்பட்டுக் கேட்பதற்கு ஒரு வழி செய்து தாருங்கள் என்பதே என் விண்ணப்பம். காதால் கேட்க மட்டும் இடம் வேண்டும், பேசுவதற்கு இல்லை. அந்தப் பேச்சு திறந்த அலையில் ஒலிக்கும் காலம் முடியப்போகிறது என்பதால் இதை இப்போதே எழுதுகிறேன்.

2021 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ரயில்வேக்கு ஒதுக்க ஒப்புதல் தந்தது. 25,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் என்று அப்போது மதிப்பிடப்பட்ட அந்தத் திட்டம் எல்லாப் பாதைகளுக்கும் வந்து சேரும்போது, ஓடும் ரயிலோடு நடக்கும் பேச்சு முழுவதும் எல்.டி.இ. என்னும் கைப்பேசி வகை வலையமைப்புக்குள் போய்விடும்; மறையாக்கம் செய்யப்பட்ட அந்தப் பேச்சு வெளியாள் காதுக்கு எட்டாது. பாதுகாப்பை நினைத்தால் அது சரியான முடிவுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்று ரயில் மேலாளர் கையில் இருக்கும் 5 வாட் கருவியும், நிலையக் கட்டடத்தின் மேல் கம்பம் நட்டு ஏரியல் கட்டியிருக்கும் 25 வாட் கருவியும் வி.எச்.எஃப். என்னும் வானொலி அலையில் சாதாரணக் குரலாகவே பேசிக்கொள்கின்றன. நம் பகுதியின் ரயில் இயக்கத்துக்கென்று ஒரு குரல் இருக்கிறது. யாரும் பதிந்து வைக்காமல், யாரும் முறையாகக் கேட்காமல், ஒரு கருவி மாற்றத்தோடு அது இல்லாமல் போவதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்பதே கேள்வி.

அந்தப் பேச்சில் அப்படி என்ன இருக்கிறது என்று உங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். இரவில் நெல்லை எக்ஸ்பிரஸ் சந்திப்பிலிருந்து புறப்படும் நேரத்தில், நடைமேடைச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கடைசிப் பெட்டியின் பக்கம் போய் நிற்பவருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். பெட்டிகளின் முன்னால் வழியனுப்ப வந்தவர்களின் கூச்சல் இருக்கும். பின்கோடியில் அது குறைந்து, ரயில் மேலாளரின் கருவியிலிருந்து வரும் இரைச்சல் தனியாகக் கேட்கும். ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தள்ளி எஞ்சினில் உட்கார்ந்திருப்பவர் பிரேக் குழாய் அழுத்தம் பின்னால் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பார். எஞ்சினில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்று காட்டுவது கடைசிப் பெட்டியின் மானியில் எவ்வளவாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து இவர் சொல்ல வேண்டும். நடுவில் எங்காவது குழாய் அடைத்திருந்தாலோ இணைப்பு விட்டிருந்தாலோ அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு "ஸ்டார்ட்டர் ஆஃப் சார், ஆல் ரைட்" என்று ஒரு குரலும், அதையே திருப்பிச் சொல்லும் இன்னொரு குரலும் கேட்கும். புறப்பாட்டு சிக்னல் போகலாம் என்று காட்டுவதைத்தான் ரயில்வேயில் 'ஆஃப்' என்பார்கள். பச்சை விளக்கு அசையும். அதற்கப்புறம்தான் அத்தனை பெட்டிகளும் நகரும். வழியனுப்ப வந்த நூற்றுக்கணக்கானவர்களில் ரயில் எதனால் நகர்ந்தது என்று அறிந்தவர், அந்தக் கருவிக்குப் பக்கத்தில் தற்செயலாக நின்ற ஓரிருவர் மட்டுமே.

தென்காசிப் பாதையில் இது இன்னும் சுவையானது. மணியாச்சியிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை வந்துவிட்டதால் அங்கே ஒரு ரயிலுக்காக இன்னொன்று காத்துக் கிடக்கும் காட்சி குறைந்துவிட்டது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்குப் போகும் பாதை இன்றும் ஒற்றைப் பாதைதான். அம்பாசமுத்திரத்தில் ரயில் நின்று, நேரம் போய்க்கொண்டே இருந்தால், "எதுக்குப்பா போட்டு வச்சிருக்கான்?" என்று பெட்டிக்குள் முணுமுணுப்பு எழும். எதிர்வண்டி பக்கத்து நிலையத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டது, அது முழுதாக உள்ளே வந்து நின்ற பிறகுதான் நமக்கு சிக்னல் என்பது, நடைமேடையில் ரயில் மேலாளரின் கருவி அருகே நிற்பவருக்குத் தெரியும். அவர் நிதானமாகக் காப்பி குடிப்பார். தாமதத்தின் காரணம் தெரிந்தவருக்கு ரயில்வே மேல் கோபம் வருவதில்லை. உங்கள் மக்கள் தொடர்புப் பிரிவு இதைக் குறித்துக்கொள்ளலாம்.

செங்கோட்டைக்கு மேற்கே நிலைமை வேறு. பகவதிபுரம் தாண்டி மலை ஏறும்போது ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் பூட்டப்படுகிறது. முன்னால் இழுப்பவரும் பின்னால் தள்ளுபவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வளைவும் குகையும் மரமும் மறைக்கும். எப்போது விசை கூட்டுவது, எப்போது குறைப்பது, எங்கே பிரேக் போடுவது என்பதை ஊதலாலும் வாக்கி டாக்கியாலும்தான் ஒத்துப்போக வைக்க வேண்டும். 2018இல் அகலப் பாதையாகத் திரும்பத் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதையும், மலை இறங்கிக் கொல்லத்தை நெருங்கும் வரையுள்ள பாதையும் உங்கள் கோட்டத்தைச் சேர்ந்தவை என்பதால், தமிழும் மலையாளமும் ரயில்வே இங்கிலீஷும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும் பேச்சு அங்கே இயல்பு. ஆனி, ஆடியில் சாரல் இறங்கும்போது மைக்கில் மோதும் மலைக்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். இப்படி ஒரு ஒலிப்பதிவு எந்த அருங்காட்சியகத்திலாவது இருக்க வேண்டும் என்று நினைப்பது மிகையாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று கைப்பேசிச் செயலியில் பயணிகள் ரயில் எந்த நிலையத்தைத் தாண்டியது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். சரக்கு ரயில் அதில் வராது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் வண்டியும், தனியாகத் திரும்பும் எஞ்சினும், ஜல்லியைக் குத்திச் சீராக்கும் தண்டவாள எந்திரமும், அதிகாரிகளின் ஆய்வு ரயிலும் அதில் வருவதில்லை. ரயில் பார்ப்பவர்கள் அதிகம் விரும்புவது இவற்றைத்தான். வந்தே பாரத் வரும் நேரம் ஊருக்கே தெரியும். அதைப் பார்க்க ஒரு தனி ஆர்வம் தேவையில்லை.

ரயில்வேயின் பேச்சைப் பொதுமக்கள் கேட்பது புதுமையாகத் தோன்றினால் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கலாம். 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. 1904இல் செங்கோட்டை வழியாக மலை தாண்டிக் கொல்லம் வரை பாதை சேர்ந்தது. அன்று தொடங்கி வெகுகாலம் வரை ரயில் இயக்கம் எல்லோர் காதிலும் விழும்படியேதான் நடந்தது. நிலைய முகப்பில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை நிலைய ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் அடித்தால், வண்டி அடுத்த ஊரை விட்டுவிட்டது என்று கடைத்தெருவரை தெரியும். நிலைய அதிகாரியின் அறை ஜன்னல் திறந்தே இருக்கும். உள்ளே, பக்கத்து நிலையத்தோடு மணிக் குறிப்பால் பேசும் பிளாக் கருவியின் மணி எத்தனை முறை அடித்தது என்பதை எண்ணி, வண்டி அடுத்த ஊரை விட்டுவிட்டதா என்று சொல்லும் சிறுவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தார்கள். நிற்காமல் போகும் எஞ்சினிலிருந்து கை நீட்டி, ஒற்றைப் பாதையில் மேலே போக அனுமதியாகத் தரப்படும் டோக்கன் வளையத்தை வாங்குவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். ரகசியம் காக்க வேண்டியது அன்றும் இருந்தது. கேட் கீப்பரும் நிலைய அதிகாரியும் கேட்டை மூடியதற்கு உறுதியாகப் பரிமாறிக்கொள்ளும் ரகசியத் தனி எண் கம்பித் தொலைபேசிக்குள்ளேயே இருந்தது, இன்றும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் ஊருக்குப் பொதுவாக இருந்தது. அறைகள் குளிரூட்டப்பட்டு, ஜன்னல்கள் மூடப்பட்டு, கருவிகள் கணினித் திரைக்குள் போன பிறகு அந்தத் தொடர்பு எப்போது அறுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. வாக்கி டாக்கி ஒன்றுதான் மிச்சம்.

பாதையோரத்து மக்கள் ரயில்வேக்கு வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை என்பதற்கு 2023 டிசம்பர் வெள்ளத்தைவிட வேறு சான்று தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய அந்த நாளில், திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அடுத்து, செய்துங்கநல்லூர் பக்கத்தில், தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலைப் போகவிடாமல் நிறுத்திவைத்த ஊழியர்களால் ஏறத்தாழ 800 பேர் பிழைத்தார்கள். சாலை இல்லை, மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடுவதற்கு முன்பே, தாங்களே வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்து ஊர் மக்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாக்கி டாக்கியை அன்று ஊரார் கேட்டிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் வாதிடவில்லை, அது பொய்யாகிவிடும். பாதையோடு வாழும் மக்களுக்கு அதன் நடப்பு கொஞ்சம் தெரிந்திருப்பது ரயில்வேக்குக் கெடுதல் செய்யாது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி சட்டம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் பதிலாக வந்திருக்கும் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்பவருக்கு மூன்று ஆண்டுவரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. உரிமம் இல்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பதே தனிக் குற்றம். அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி முறையாக உரிமம் பெற்றவர்களுக்கும் ரயில்வே அலைவரிசையில் உரிமை கிடையாது. 446 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் தேவைப்படாத சிறிய கருவிகள் உண்டு. அவை இந்த அலைவரிசைப் பக்கமே வராது. இவ்வளவும் இருக்க, விவரம் ஏதும் சொல்லாமல் இணையக் கடைகளில் வாக்கி டாக்கிகள் விற்கப்பட்டதால்தான் 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, பிறகு விதிமுறைகளையும் வெளியிட்டது. என்னைப் போன்ற ரயில் ஆர்வலர்கள், குறிப்பாகக் கல்லூரி மாணவர்கள், இந்த மடலைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று அந்தக் கருவியை வாங்காதீர்கள். அதில் கேட்பதற்கான பொத்தானுக்குப் பக்கத்திலேயே பேசுவதற்கான பொத்தானும் இருக்கிறது. தெரியாமல் அழுத்தப்பட்ட அந்தப் பொத்தான் ஓடும் ரயிலின் பேச்சை மறித்துவிடும்.

ஆகவே, கண்டும் காணாமல் விட்டுவிடுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்பது குற்றமாக இருக்கும் இடத்தில், குற்றமாகாத ஒரு வழியைத் திறக்கும் அதிகாரம் அந்த அலைவரிசைக்கு உரிமம் பெற்றிருக்கும் ரயில்வேக்கு இருக்கிறது. நீங்களே ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கவைத்தால் அதில் இடைமறிப்பு இல்லை.

மறுப்புகள் என்னவாக இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். முதலாவது, நாசவேலை. 2023 ஆகஸ்டில் போலந்து நாட்டின் வடமேற்கில், ரயில்வேயின் மறையாக்கமில்லாத அலைவரிசையில் மூன்று தொனிகளை வரிசையாக ஒலிபரப்பியே சுமார் 20 ரயில்களைச் சிலர் நிறுத்திவிட்டார்கள். அங்கே அந்தத் தொனி கேட்டால் எஞ்சின் தானாக நின்றுவிடும் ஏற்பாடு இருந்தது. அந்தத் தீமை முழுவதும் அனுப்பும் கருவியால் விளைந்தது. ஒலிபெருக்கியின் கீழ் நிற்கும் ஒருவரால் எதையும் அனுப்ப முடியாது. தவிர, நம் ரயில்களை வாக்கி டாக்கிப் பேச்சு ஓட்டுவதில்லை. நிலையத்துச் சிவப்பு விளக்கைத் தாண்ட வேண்டுமானால் பொதுவாக வாய்ச்சொல் போதாது, விதிப்படியான எழுத்து அனுமதி லோகோ பைலட் கைக்கு வர வேண்டும். ரயில் தடம் புரண்டு பக்கத்துப் பாதையை மறித்துவிட்டால், இன்றும் ஊழியர் ஓடிப்போய் 600 மீட்டரிலும் 1,200 மீட்டரிலும் சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடிவில்லையைத் தண்டவாளத்தில் வைத்தாக வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் வாக்கி டாக்கியில் எழும் ஒரு கூப்பாடு எதிரே வரும் வண்டியை அதற்கும் முன்னதாக நிறுத்திவிடலாம் என்பதால்தான், அந்த அலைவரிசையில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதில் உங்களைவிட நான் கண்டிப்பானவன்.

இரண்டாவது மறுப்பு ஊழியர்களிடமிருந்து வரும். எனக்கு அதுவே வலுவானதாகத் தெரிகிறது. இரவெல்லாம் விழித்திருந்து ரயில் ஓட்டுபவரின் சோர்ந்த குரலையும், அவசரத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சற்றுச் சுடச்சுடப் பேசியதையும், தவறாகச் சொல்லித் திருத்திக்கொண்டதையும் ஊரார் கேட்டுச் சிரிக்கவோ, வெட்டி ஒட்டிக் கைப்பேசியில் பரப்பவோ அவர் சம்மதித்து வேலைக்கு வரவில்லை. நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவருக்குப் பணி. அதிலும், ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு விசாரணை, குற்றச்சாட்டு என்று போகக்கூடிய பணி. எனவே ஊழியர் சங்கங்களைக் கலந்துகொள்ளாமல் இதில் எதையும் செய்ய வேண்டாம். வழக்கமான இயக்கப் பேச்சு தவிர வேறு எது இருந்தாலும் நீக்கிவிடும் உரிமை ரயில்வேயிடம் இருக்கட்டும். பெயர் வந்தால் வெட்டிவிடலாம். விபத்தோ பழுதோ நேர்ந்த நாளின் பதிவு வெளியே வரவே வேண்டாம்.

வெளிநாடுகளில் எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ரயில்வே அலைவரிசைகளை ஸ்கேனர் (கேட்க மட்டுமான வானொலிக் கருவி) வைத்துக் கேட்பது ரயில் ஆர்வலர்களின் பழைய வழக்கம். சில மாநிலங்கள் வாகனத்தில் ஸ்கேனர் வைப்பதற்கு மட்டும் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. அங்கே பாதையோரக் கருவி ஒன்று, கடந்துபோகும் ரயிலின் அச்சு சூடேறியிருக்கிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்து, எந்த மைல்கல், எத்தனை அச்சு, குறை உண்டா இல்லையா என்பதை எந்திரக் குரலில் வானொலியிலேயே சொல்லிவிடும். நம் நிலையங்களில் நிற்காமல் போகும் ரயிலைப் பச்சைக் கொடியோடு இருபுறமும் நின்று கண்ணால் பார்த்து "ஆல் ரைட்" காட்டும் ஊழியர் செய்யும் வேலையும் இதுவே. பிரிட்டனில் இதற்கு நேர்மாறு: தனக்கு அனுப்பப்படாத வானொலிச் செய்தியைக் கேட்பதைச் சட்டம் தடுக்கிறது; ரயில்வேயும் மறையாக்க முறைக்குப் போய்விட்டது. இரண்டு நாடுகளிலும் ரயில் பார்ப்பவர்கள் குறையவில்லை. நமக்கு எது பொருந்தும் என்பதை நாமே முடிவு செய்யலாம். அமெரிக்கா போல முழுதாகத் திறந்துவிடச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

என் கோரிக்கை மிகச் சிறியது, மூன்று பகுதிகள் கொண்டது. முதலாவது: 1853 ஏப்ரல் 16ஆம் தேதி ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை நினைவுகூரும் ரயில்வே வாரத்தில், திருநெல்வேலிச் சந்திப்பில் ஓர் அறையையோ நடைமேடையின் ஒரு மூலையையோ ஒதுக்கி, நிலையக் கருவியின் குரலை ஓர் ஒலிபெருக்கியில் நேரடியாகக் கேட்கவிடுங்கள். பக்கத்தில் உங்கள் துறை ஊழியர் ஒருவர் இருந்து, இப்போது பேசியது யார், எதைப் பற்றி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். கருவி ஏற்கெனவே இருக்கிறது, ஒலிபெருக்கியும் இருக்கிறது, செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது: அது நல்லபடியாக நடந்தால், ஒரு மணி நேரம் தாமதப்படுத்தி, வடிகட்டிய ஒலியை ரயில்வேயின் சொந்த இணையதளத்தில் கேட்க வைக்கலாம். நேரில் கேட்கும் சுவை அதில் இருக்காதுதான். இருந்தாலும் ஒற்றைப் பாதையில் மூன்று வண்டிகளை எப்படி ஒன்றையொன்று தாண்டவிட்டார்கள் என்பதைப் பிறகு கேட்டாலும் புரிந்துகொள்ள முடியும். மேலப்பாளையத்துக்குத் தெற்கே உள்ள பாதை திருவனந்தபுரம் கோட்டத்தின் பொறுப்பு என்பதால், தாமிரபரணிப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பேச்சையும் சேர்க்க வேண்டுமானால் அவர்களையும் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது கோரிக்கை, பதிவு. எல்.டி.இ. வருவதற்கு முன் சந்திப்பில் ஓர் இரவும், அம்பாசமுத்திரத்தில் எதிரெதிர் வண்டிகள் தாண்டிக்கொள்ளும் ஒரு கிராசிங்கும், சாரல் காலத்தில் செங்கோட்டையிலிருந்து மலை ஏறி இறங்கும் ஒரு பயணமும் உங்கள் துறையினராலேயே முறையாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு, எந்த ரயில், எந்த எஞ்சின், எந்தத் தேதி என்ற குறிப்போடு காப்பகத்தில் சேர்க்கப்பட வேண்டும். டோக்கன் வளையங்களில் சிலவற்றையாவது எடுத்துவைத்தோம். தண்டவாள மணியின் ஓசையை யாரும் எடுத்துவைக்கவில்லை.

இவற்றில் ஒன்றைத்தான் இந்த ஆண்டு செய்ய இயலும் என்றால் பதிவை முதலில் செய்யுங்கள். மற்ற இரண்டையும் உங்களுக்குப் பின் வரும் அதிகாரி வேறோர் ஆண்டில் செய்துகொள்ளலாம்; பதிவுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. கேட்டு எழுதி, நிலையம் வாரியாகப் பட்டியல் போட்டுத் தரும் வேலையைக் கூலி கேட்காமல் செய்யக்கூடியவர்கள் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் கல்லிடைக்குறிச்சியிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ரயில் எண்ணைச் சொன்னால் அதன் எஞ்சின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் யாரிடம் வந்து பேச வேண்டும், எந்த நாளில் வர வேண்டும் என்பதை மட்டும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் வசிக்கும் ரயில் ஆர்வலன் ஒருவன்